லிமா சாதாரண உணவகங்கள்: எந்த நேரத்துக்கு எது, எப்படிக் கேட்பது

பதிவு

பெருவின் தலைநகர் லிமாவில் குறைந்த செலவில் வயிறு நிறையணும்னா மதியம் 12:30-க்கும் 2-க்கும் இடையில் போய் உட்காருங்க. வாசலில் ஒரு பலகையில் 'மெனு' என்று எழுதியிருக்கும். அங்கே அந்தச் சொல்லுக்கு உணவுப் பட்டியல் என்று அர்த்தம் இல்லை. நம்ம ஊர் அளவுச் சாப்பாடு போல, ஒரே விலைக்கு முழுச் சாப்பாடு. மேலே இருப்பது என்ட்ராதா: சூப் அல்லது சின்னத் தட்டு. கீழே செகுந்தோ: பெரும்பாலும் சோற்றோடு வரும் பெரிய தட்டு. இரண்டிலும் ஒவ்வொன்று சொன்னால் போதும், குடிக்க ஒரு ரெஃப்ரெஸ்கோவும் சேர்ந்தே வரும். சாதாரணப் பேட்டைகளில் 12 முதல் 18 சோல் (பெரு நாணயம்) வரை ஆகும். 'கார்த்தா', அதாவது உணவுப் பட்டியல், கேட்டு வாங்கி அதிலிருந்து சொன்னால் தனி விலை, பில் எகிறிவிடும். 2 மணி தாண்டினால் நல்ல தட்டுகள் தீர்ந்துபோயிருக்கும்.

லோமோ சல்தாதோ இருந்தால் அதைச் சொல்லுங்க. மாட்டிறைச்சி, சிவப்பு வெங்காயம், தக்காளி, அஹி அமரியோ மிளகாய், சோயா சாஸ், கொஞ்சம் வினிகர். சீனத் தொழிலாளர்கள் கொண்டுவந்த பெருந்தீ வதக்கல் இது. பெருவில் சோயா சாஸுக்கு இன்றும் பெயர் 'சியாவ்', இஞ்சிக்கு 'கியோன்', இரண்டும் சீனத்திலிருந்து வந்தவை. வெங்காயத்தின் ஓரம் கருகி, நடுவில் கடித்தால் நறுக்கென்று இருக்கணும். தட்டில் தண்ணீர் தேங்கி உருளை வறுவல் ஊறிப்போயிருந்தால், தீ போதாத சட்டியில் கறியை அள்ளிக் கொட்டியிருக்காங்க. வதங்காமல் வெந்த கறி அது.

மறுமொழி 1

செவிச்சேயும், அதாவது எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன், மதியத்துக்குத்தான். காலையில் வந்த மீனை மதியமே தீர்ப்பது அங்கே வழக்கம், அதனால் பல செவிச்சே கடைகள் மாலைக்குள் மூடிவிடும். மீன் துண்டின் வெளிப்பக்கம் வெள்ளையாகவும் உள்ளே கண்ணாடி போலவும் இருந்தால் பதம் சரி. சுண்ணாம்பு போல முழுக்க வெளுத்திருந்தால் எலுமிச்சைச் சாற்றில் அதிக நேரம் கிடந்த மீன். சாறு கசந்தால் எலுமிச்சையைத் தோல்வரை அழுத்திப் பிழிந்திருக்காங்க. தட்டில் தேங்கும் சாற்றுக்கு 'புலிப்பால்' என்றே பெயர், கரண்டியால் குடிக்கலாம். எலுமிச்சை மீனை வெளுக்கவைக்குமே தவிர, நெருப்பு மாதிரி கிருமியைக் கொல்லாது. கர்ப்பிணிகள் தயவுசெய்து தவிர்த்துவிடுங்க.

மறுமொழி 2

சைவக்காரர்கள் 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும். அங்கே 'கார்னே' என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான் நினைவுக்கு வரும். 'நோ கோமோ கார்னே, நி பொயோ, நி பெஸ்காதோ' என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் சொல்லணும். காய்கறி சூப் என்றாலும் அடிச்சாறு கோழியாக இருக்கலாம், கேட்டுக்கோங்க. எளிதாகக் கிடைப்பது பாப்பா அ லா வாங்காயினா: அவித்த உருளைக்கிழங்கின் மேல் அஹி அமரியோ, புதுச் சீஸ், டின் பால், உப்பு பிஸ்கட் அரைத்த மஞ்சள் குழம்பு. மேலே முட்டை வைப்பாங்க, வேண்டாம் என்றால் 'சின் உவேவோ'.

மறுமொழி 3

ராத்திரிக்கு போயேரியா, அதாவது சுட்ட கோழிக் கடை. 1950-ல் லிமாவை ஒட்டிய சாந்தா கிளாராவில் ரோஜர் ஷூலர் என்ற சுவிஸ்காரர் தொடங்கிவைத்தது இந்தக் கம்பிச் சுழல் கோழி. ஒருவருக்கு 'உன் குவார்த்தோ', கோழியில் நாலில் ஒரு பங்கு, தாராளம். வறுவலும் சாலடும் கூடவே வரும். 'பியெர்னா' என்று தொடைப் பக்கத்தைக் கேளுங்க. நெஞ்சுப் பகுதி நேரமாக ஆக வறண்டுவிடும். தொட்டுக்கொள்ள வரும் மிளகாய் விழுதுகளில் ரோகோட்டோ இருந்தால் நிதானம். பழம் பார்க்கக் குடைமிளகாய், வெட்டினால் கருப்பு விதை, காரமோ நம் ஆட்களையே திணறவைக்கும். நுனிக் கரண்டியில் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றிக்கோங்க.