இரவில் வீட்டுக்குள் உறுமல்: எம்ஆர்டி தானா?

மூன்றாம்மாடி:
சிங்கப்பூரில், சாலைக்குக் கீழே எம்ஆர்டி ரயில் சுரங்கம் போகும் இடத்தில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக். ஒரு மாதமாக இரவு படுத்தால் தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஓர் உறுமல். ஜன்னலை மூடினால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. கட்டில் கால்களுக்கு ரப்பர் வைத்தும் பலனில்லை. அம்மாவுக்குத் தூக்கமே போய்விட்டது. இது ரயில்தானா?

தண்டவாளம்:
ரயிலாக இருந்தால், அது காற்றில் வரும் சத்தம் இல்லை. சக்கரமும் தண்டவாளமும் சேரும் இடத்திலுள்ள நுண்ணிய மேடுபள்ளத்தால் கிளம்பும் அதிர்வு, சுரங்கச் சுவர், மண், அஸ்திவாரம் என்று ஏறி வந்து, கடைசியில் உங்கள் தரையும் சுவருமே ஒலிபெருக்கி மாதிரி பேசுகின்றன, பெரும்பாலும் 30 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் (வினாடிக்கு அத்தனை அதிர்வு). கட்டிலுக்கு ரப்பர் வைத்தாலும் சுவர் வாயை மூடாது. ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். 138 மீட்டர் நீள ஆறு பெட்டி ரயில் 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க சுமார் 8 வினாடிதான், அதனால் சத்தம் ஏறி இறங்கும். மூன்று இரவு நேரத்தைக் குறித்துப் பாருங்கள்.

பம்ப்ரூம்:
எங்கள் புளோக்கிலும் ரயில் என்றுதான் நினைத்தோம், கடைசியில் கீழ்த்தளத் தண்ணீர் பம்ப். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நான்கு துருவ மோட்டார் வினாடிக்கு 25 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஓடும், அது ஏறி இறங்காமல் ஒரே சீராக இரையும். அடியிலிருந்த ரப்பர் இறுகிப்போயிருந்தது, மாற்றியதும் நின்றது.

மூன்றாம்மாடி:
குறித்துவிட்டேன். ஒவ்வொன்றும் பத்து வினாடிக்குள். நள்ளிரவு தாண்டினால் இல்லை, விடிகாலையில் மறுபடி தொடங்குகிறது. சரி, இனி என்ன செய்வது?

தண்டவாளம்:
அப்படியானால் ரயில்தான். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது "ஒரு மாதமாக" என்பது. ஒரு மாதத்தில் மண்ணும் கட்டடமும் மாறியிருக்காது, அப்புறம் மிஞ்சுவது தண்டவாளமும் சக்கரமும். தண்டவாளம் அலையலையாகத் தேய்வதுண்டு, 20 சென்டிமீட்டருக்கு ஓர் அலை என்றால் அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸ் வரும், நீங்கள் சொல்லும் உறுமல் அந்த வரிசைதான். கட்டடத்தையே ரப்பர் தாங்கிகளில் நிறுத்தலாம், லண்டன் செயின்ட் ஜேம்ஸ் பார்க் நிலையத்துக்கு மேலுள்ள ஆல்பனி கோர்ட்டை 1960களிலேயே அப்படிக் கட்டினார்கள், ஆனால் அது கட்டும்போதே செய்ய வேண்டியது. பாதைக்கு அடியில் ரப்பரிலோ ஸ்பிரிங்கிலோ மிதக்கும் கான்கிரீட் பலகையும் அப்படித்தான், ஓடுகிற பாதையில் பிறகு நுழைப்பது பெரும்பாடு. தேய்ந்த தண்டவாளத்தை மட்டும் இரவில் அரைத்துச் சமன் செய்துவிடலாம். எல்லா ரயிலுக்கும் கேட்கிறதா, சிலவற்றுக்கு மட்டுமா? சிலவற்றுக்கு மட்டும் என்றால் தட்டையாகத் தேய்ந்த சக்கரமாகவும் இருக்கலாம்.

மூன்றாம்மாடி:
நேற்று உட்கார்ந்து கேட்டேன். எல்லாவற்றுக்கும் கேட்கிறது, ஆனால் பாதி ரயில்கள் பலமாக, பாதி மெதுவாக.

தண்டவாளம்:
இரண்டு திசைக்கும் தனித்தனிப் பாதை, அதில் ஒன்று தேய்ந்திருக்கலாம், அல்லது உங்களுக்குப் பக்கமாக இருக்கலாம். பலமான நேரங்களைத் தனியாகப் பிரித்து, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்து ரயில் நிறுவனத்துக்கு எழுதி அனுப்புங்கள், எந்தப் பாதை என்று அவர்கள் தங்கள் அட்டவணையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். அளவுக்கருவியோடு வீட்டுக்கு வரச் சொல்லியும் கேளுங்கள்.