மார்கழிக் கச்சேரிகளுக்குச் சக்கர நாற்காலியில் அப்பாவை அழைத்துச் செல்வது எப்படி?

மந்தைவெளி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் மார்கழி முழுவதும் சபா சபாவாகச் சென்று கச்சேரி கேட்டு வந்தவர். பக்கவாதத்திற்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் வெளியே செல்கிறார். ஆனால் ராகத்தின் முதல் பிடியிலேயே அதை அடையாளம் கண்டுகொள்ளும் காது அப்படியே இருக்கிறது. சென்ற சீசனில் ஒரு சபாவிற்குத் தொலைபேசியில் பேசியபோது, சாய்தளம் இருக்கிறது, தாராளமாக அழைத்து வாருங்கள் என்றார்கள். வாசலில் சாய்தளம் இருந்தது உண்மைதான். அரங்கின் கதவைத் தாண்டியதும் மூன்று படிகள் இறங்க வேண்டியிருந்தது. அங்கிருந்த இளைஞர்கள் நல்ல மனத்துடன் நாற்காலியோடு தூக்கிச் செல்ல முன்வந்தார்கள். அத்தனை பேர் பார்க்கத் தம்மைத் தூக்குவதை அப்பா விரும்பவில்லை. கச்சேரியின் தொடக்க உருப்படியான வர்ணம் முடிவதற்குள் வீடு திரும்பினோம். இந்த ஆண்டு முன்கூட்டியே என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? சட்டம் ஏதேனும் துணை நிற்கிறதா?

சக்கர நாற்காலி ரசிகன்:

அம்மா, சாய்தளம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். வண்டியை விட்டு இறங்கும் இடத்திலிருந்து இருக்கை வரை வழியில் எத்தனை படிகள் என்று கேளுங்கள்; முடிந்தால் அந்த வழியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சாய்தளம் இருக்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் ஸ்கூட்டர் ஏற்றப் போட்ட செங்குத்தான சரிவையே சாய்தளம் என்கிறார்கள். அதில் பின்னாலிருந்து தள்ளுபவருக்கும் ஆபத்து.

அடுத்தது, எங்கே உட்கார வைப்பார்கள் என்பது. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டால், தாள வாத்தியங்கள் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகிறவர்களின் முதுகுதான் தெரியும். மிருதங்கக்காரரின் விரல்களைப் பார்க்க வந்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! நடைபாதையில் நிறுத்தச் சொன்னாலும் ஏற்காதீர்கள், அவசரத்தில் எல்லோரும் வெளியேற வேண்டிய வழி அது. நடுவரிசை ஒன்றின் ஓரத்தில் இரண்டு நாற்காலிகளை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே உங்களுக்கும் ஓர் இருக்கை தரச் சொல்லுங்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் கேட்டுவிடுங்கள்: 90 சென்டிமீட்டர் இருந்தால் கவலையில்லை. கச்சேரிக்குப் போவதென்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களை நான் அறிவேன். அப்பாவுக்கு அந்த நிலை வர வேண்டாம்.

சட்டம் படித்தவர்:

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உங்களுக்குத் துணை நிற்கிறது. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் தனியாருடையதாக இருந்தாலும், கலை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுவதாக இருந்தாலும், அது இச்சட்டத்தின்படி பொதுக் கட்டடமே. எனவே, தனியார் சபா என்று சொல்லித் தட்டிக்கழிக்க இயலாது. பழைய கட்டடங்களையும் ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது 45ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வெளியாயின என்பதால் அந்தக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவிடக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் எழுத்து மூலமாக முறையிடலாம். ஆயினும் முதலில் சபாவின் செயலாளருக்கே, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள்.

சபா தொண்டர்:

நானும் ஒரு சபாவில் சீசன் வேலை பார்ப்பவன். அந்தக் கடிதம் நவம்பரிலேயே வந்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும். மூன்று படிகளுக்கு மரத்தால் சாய்தளம் செய்ய ஒரு தச்சரும் சில நாள் அவகாசமும் போதும், ஆனால் படிக்கு முன்னால் அதற்கான நீளம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும். மாலைக் கச்சேரியின் நெரிசலில் கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடிவதில்லை. முதல் தடவை பிற்பகல் கச்சேரிக்கு அழைத்து வாருங்கள். பெரும்பாலும் அனுமதி இலவசம், கூட்டமும் குறைவு, வளரும் கலைஞர்களுக்கு உங்கள் அப்பாவைப் போன்ற ரசிகர் முன்வரிசையில் இருப்பது பெரிய ஊக்கம்.

மந்தைவெளி வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. செயலாளருக்கு இன்றே எழுதுகிறேன். கான்டீன் பந்தலுக்கும் படி இருக்கிறதா என்று சேர்த்துக் கேட்கச் சொல்கிறார் அப்பா.