ஆபீஸ் இனப்பாகுபாடு பத்தி நையாண்டி நாடகம் போடுறோம், சீன முதலாளி வேஷத்தை எப்படிப் பண்றது?

கிளமென்டிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல வேலை முடிஞ்சு சாயங்காலம் கூடி ஒத்திகை பாக்குற சின்னக் குழு நாங்க. ஒரு மணி நேர நாடகம், தமிழ்ல, மேல திரையில இங்கிலீஷ் சர்டைட்டில் ஓடும். கதை ஜூலை 21, இன நல்லிணக்க நாள் அன்னைக்கு ஒரு கம்பெனியில நடக்குது. அங்க இருக்குறது ஒரே ஒரு தமிழ்ப் பொண்ணு. எல்லாருக்கும் பொட்டு வச்சு விடுறது, தேக்காவுல முறுக்கு வாங்கிட்டு வர்றது, போட்டோவுக்கு நடுவுல புடவை கட்டி நிக்கிறது எல்லாம் அவதான், அதே வாரம் புரமோஷன் லிஸ்ட் வருது அதுல அவ பேரு இல்ல, ஏன்னு கேட்டா "கிளையண்ட் கம்ஃபர்ட்டபிளா இருக்கணும்", "டீம் ஃபிட்"னு பதில் வருது. இந்த மாதிரி பதிலை எங்க குழுவுலயே ரெண்டு பேர் நேர்ல கேட்டிருக்காங்க.

பிரச்சனை என்னன்னா நடிக்கிற எல்லாருமே தமிழங்க. முதலாளி சீனர். ஒத்திகையில ஒருத்தர் சீன ஆக்சன்ட்ல பேசிக் காட்டினார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க, ஆனா எனக்கு அது உறுத்துது. இன்னொருத்தர் மேக்கப் போடலாம்ங்கிறார். லைசன்ஸ் விஷயத்துலயும் பயமா இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கூத்துப்பட்டறி:
தம்பி, மேக்கப் வேண்டவே வேண்டாம், ஆக்சன்ட்டும் வேண்டாம். 2019-ல வந்த அந்த விளம்பரம் ஞாபகம் இருக்குல்ல, ஒரே சீன நடிகர் நாலு வேஷம் போட்டு அதுல ஒண்ணு முகத்தைக் கருப்பாக்கிக்கிட்டு இந்தியரா, இன்னொண்ணு தூடோங் (தலையை மூடுற துணி) போட்ட மலாய்ப் பொண்ணா. அதுக்கு எதிரா ராப் வீடியோ போட்ட ரெண்டு இந்தியர்களுக்குத்தான் கடைசியில 24 மாச நிபந்தனை எச்சரிக்கை கிடைச்சுது. அன்னைக்கு நமக்கு வயிறு எரிஞ்சுதே, அதையே நாம திருப்பிப் பண்ணினா நாடகம் எதைப் பத்திங்கிறதே போயிடும்.

நான் என்ன பண்ணுவேன்னா தெருக்கூத்தைக் கையில எடுப்பேன். ஹெச்.ஆர் மேனேஜரைக் கட்டியங்காரனா ஆக்கிடுங்க. கூத்துல ராஜா வர்றதை அறிவிக்கிறதும் அவன்தான், அதே ராஜாவைக் கிண்டல் பண்றதும் அவன்தான், சனங்ககிட்ட நேராப் பேசுறதும் அவன்தான். ஹெச்.ஆருக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் கிடையாது. வேஷம் மேடைக்கு வர்றப்ப ரெண்டு பேரு திரை பிடிப்பாங்கல்ல, இங்க ரெண்டு ஊழியர் "நாமெல்லாம் ஒரே குடும்பம்"னு எழுதின கம்பெனி பேனரைப் பிடிக்கட்டும். முதலாளி அதுக்குப் பின்னாடி நின்னு கால் மட்டும் தெரிய, பளபளன்னு ஷூ, தன்னோட கேபிஐ, அதான் வேலை இலக்குகள், எல்லாத்தையும் கூத்துல வர்ற விருத்தமாப் பாடிக்கிட்டு வரட்டும். அவர் சீனர்னு வசனத்துல ஒரு தடவை வந்தாப் போதும், நடிகர் தன் சொந்தக் குரல்லயே பேசலாம். சனங்க சிரிக்கிறது அந்தப் பதவியைப் பார்த்து, அந்த முகத்தைப் பார்த்து இல்ல.

பிளாக்பாக்ஸ்நிழல்:
லைசன்ஸ் பத்தி. ஸ்கிரிப்டை நாடகத்துக்கு லைசன்ஸ் கொடுக்குற அரசு அமைப்பான ஐஎம்டிஏ-கிட்ட கொடுத்துத்தான் ஆகணும், இனம் மதம் வர்ற கதைன்னா கேள்வி வரும், அதனால ஹால் புக் பண்ணிட்டு ஸ்கிரிப்ட் எழுத உக்காராதீங்க. பயம் சும்மா வந்தது இல்ல. 1994-ல ஃபோரம் தியேட்டருக்கு (பாக்க வந்தவங்களே மேடையேறிக் கதையை மாத்துற நாடகம்) அரசு நிதி கிடையாதுன்னு நிறுத்தி 2003 வரைக்கும் அப்படியே வச்சிருந்தாங்க. 2000-ல நம்ம ஊர் நாடகாசிரியர் இளங்கோவனோட 'தலாக்' நாடகத்துக்கு லைசன்ஸ் மறுத்தாங்க, அதுக்கு முன்னாடி அது தமிழ்ல மேடையேறினது.

ஆனா அதே ஊர்லதான் நாடகாசிரியர் குவோ பாவ் குன்னும் இருந்தார். 1976-ல இருந்து 1980 வரைக்கும் விசாரணை இல்லாம சிறைக்குள்ள இருந்தவர், வெளிய வந்து ஒரு சவப்பெட்டி குழிக்குள்ள இறங்க மாட்டேங்குதுங்கிறதை வச்சே ஒரு நாடகம் எழுதினார். தாத்தாவோட பெட்டி பெருசு, குழியோ எல்லாருக்கும் ஒரே அளவு. அதிகாரி கெட்டவன் இல்ல, அவன் கையில இருக்குற விதிதான் கூத்தடிக்குது. இன்னைக்குப் படிச்சாலும் சிரிப்பு வரும், தொண்டையும் அடைக்கும். உங்க கதையிலயும் அந்த மாதிரி ஒரு விதி வேணும், அது ரெடியாவே இருக்கு. 2025 ஜனவரியில நாடாளுமன்றத்துல வேலையிட நியாயச் சட்டம் நிறைவேறிச்சு, இனம், மொழித்திறன் எல்லாம் அதுல வருது, ஆனா 25 பேருக்குக் குறைவான கம்பெனிக்கு முதல்ல விலக்கு. உங்க கம்பெனியில சரியா 24 பேரு இருக்கட்டும். கட்டியங்காரன் மேடையில தலை எண்ணிக்கிட்டே இருக்கட்டும், இன்டர்வியூவுக்கு யாராச்சும் வந்தா முதலாளி மிரளட்டும். ஒரு இனத்தையும் தொடாம அடி விழ வேண்டிய எடத்துல விழும்.

செங்காங்காரி:
அண்ணே சொன்ன பேனர் ஐடியா ரொம்பப் பிடிச்சிருக்கு. எனக்கு வேற ஒரு கவலை. பாக்க வர்றவங்க முக்கால்வாசி தமிழங்களா இருப்பாங்க, சீன முதலாளி கெட்டவன்னா கைத்தட்டிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க. ஊர்ல இருந்து வேலைக்கு வந்தவங்களப் பத்தி இங்க பொறந்த நாம எப்படிப் பேசுறோம், அவங்க நம்மளப் பத்தி எப்படிப் பேசுறாங்க, ஆபீஸ் கழுவ வர்ற பங்களாதேஷ் தம்பியை நம்மள்ல யாரு பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க? அந்தப் பொண்ணு பொட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு எல்லார் நெத்தியிலயும் வச்சுட்டு அந்தத் தம்பியை மட்டும் பாக்காம தாண்டிப் போறான்னு ஒரு நொடி வைங்க, வசனமே வேண்டாம்.

சர்டைட்டில் விஷயமும் சொல்லிடுறேன். சிரிப்பு வர்ற கடைசி வரியைத் தனி ஸ்லைடாப் போடுங்க. இல்லன்னா படிக்கிறவங்க முன்னாடியே சிரிச்சுடுவாங்க, நடிகர் வாய் திறக்குறப்ப ஹால் அமைதியா இருக்கும்.

பிளாக்பாக்ஸ்நிழல்:
@செங்காங்காரி அந்த ஒரு நொடி வரைக்கும் சரி. அதுக்கு மேல போனா "எல்லாருமே அப்படித்தான்"னு முடிஞ்சுடும், அப்புறம் புரமோஷன் கிடைக்காதவளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல. பட்டியல்ல கையெழுத்துப் போட்டவன் யாருங்கிறது மறையக் கூடாது.

செங்காங்காரி:
அதை ஏத்துக்குறேன். ஒரு நொடிதான் கேட்டேன்.

கிளமென்டிவாசி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆக்சன்ட்டைத் தூக்கியாச்சு, நேத்து ராத்திரி குழு வாட்ஸப்ல பேசி முடிவு பண்ணிட்டோம். 24 பேரு கணக்கும் உள்ள வருது. மலாய் சக ஊழியர் வேஷத்துக்கு மலாய் நடிகர் ஒருத்தரையே தேடுறோம், தமிழ் வசனம் நாலு வரிதான், மீதி மலாய்லயே பேசலாம். கூத்துப்பட்டறி அண்ணே, விருத்தம் பாடத் தெரிஞ்சவங்க இங்க யாராச்சும் கத்துக் கொடுப்பாங்களா, சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்குத் தோதா இருக்கும்.