பழைய வட்டு அட்டவணை நிரல்: 64 பிட்டில் பெயர்களின் தலை காணாமல் போகிறது

பழையவட்டு:
வணக்கம். 1998இல் நானே சி மொழியில் எழுதிய ஒரு குட்டி நிரல். எந்தக் கோப்பு எந்த ஃபிளாப்பியில், எந்த சிடியில் கிடக்கிறது என்று குறித்து வைக்கும், அவ்வளவுதான். வட்டின் மேல் பேனாவால் எண் எழுதியிருப்பேன். நிரல் அந்த எண்ணைச் சொல்லும். 32 பிட் லினக்ஸில் ஒரு நாள்கூடத் தகராறு செய்ததில்லை. போன வாரம் அந்தக் கணினி மண்டையைப் போட்டது. பென்டிரைவில் மிஞ்சியது சோர்ஸும் (நான் எழுதிய நிரல் வரிகள்) தரவுக் கோப்பும்தான்.

புதுக் கணினி 64 பிட் லினக்ஸ். ஹெடர் (ஃபங்ஷன்களை முன்கூட்டி அறிவிக்கும் கோப்பு) சேர்க்காமலே ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பழகியவன் நான். முன்பெல்லாம் முணுமுணுத்துவிட்டுக் கம்பைல் செய்துகொடுத்த ஜிசிசி கம்பைலர் (சோர்ஸை ஓடும் நிரலாக்குவது), 14ஆம் பதிப்பில் அதைப் பிழை என்றே நிறுத்திவிடுகிறது. சரி, ஹெடர்களைச் சேர்த்தேன். வரியைப் படிக்கும் 'கெட்ஸ்' ஃபங்ஷன் இருந்த இடங்களில் 'எஃப்கெட்ஸ்' போட்டேன். கம்பைல் ஆனது. ஓட்டினால் கூத்து.

இருக்க வேண்டிய பதிவு 1842. காட்டுவது 1496. முதல் கோப்பின் பெயர் சரி; அதன் அளவு 3912768228027293696 பைட் என்கிறது, வட்டு எண் 24948 என்கிறது. என்னிடம் இருப்பதே 212 வட்டுகள். இரண்டாவது பெயரில் முதல் 12 எழுத்து இல்லை. மூன்றாவதில் 24 எழுத்து இல்லை.

ஒரு பதிவின் அமைப்பு, அதாவது ஸ்ட்ரக்ட், இதுதான்: பெயருக்கு 40 கேர் (ஒரு பைட் எழுத்து), அளவுக்கு ஒரு லாங் (பெரிய முழு எண்), தேதிக்கு ஒரு லாங், வட்டு எண்ணுக்கு ஒரு ஷார்ட் (2 பைட் முழு எண்). எல்லாப் பதிவுகளையும் ஒரே அரேயில் (அடுக்கில்) எஃப்ரீட் செய்வேன், அதாவது கோப்பிலிருந்து அப்படியே படிப்பேன்; வெளியே வரும்போது எஃப்ரைட் செய்து அப்படியே எழுதுவேன். கோப்பு கெட்டுவிட்டதா?

சும்மாஇரு:
எதற்கு இந்தப் பாடு? 32 பிட் லைப்ரரிகளைப் போட்டுப் முன்பே கம்பைல் செய்து வைத்த பழைய பைனரியையே ஓட்டுங்கள்.

பழையவட்டு:
பைனரி அந்தக் கணினியோடு போய்விட்டது, நண்பரே.

எட்டாம்பிட்:
கோப்பு கெடவில்லை. நீங்கள் கொடுத்த எண்களே காரணத்தைச் சொல்கின்றன.

32 பிட் லினக்ஸில் லாங் 4 பைட். 40+4+4+2 = 50; 4இன் மடங்காக வர, கம்பைலர் கடைசியில் 2 பைட் வெற்றிடம் சேர்த்து 52 ஆக்கும். 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட். 40+8+8+2 = 58; 8இன் மடங்காக நீட்டி 64 ஆக்கும். கோப்பில் பதிவுகள் 52, 52 என்று அடுக்கியிருக்க, உங்கள் நிரல் 64, 64 என்று வெட்டி எடுக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் 12 பைட் தள்ளிப்போகிறது. 12, 24 எழுத்து காணாமல் போனது அதனால்தான்.

அந்த 19 இலக்க அளவு இருக்கிறதே, அதில் அளவும் தேதியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 4 பைட்டைப் பிரித்தெடுக்க 4294967296ஆல் (2இன் 32ஆம் அடுக்கு) வகுத்துப் பாருங்கள். ஈவு 911012345. 1970 ஜனவரி 1 முதல் அத்தனை நொடி என்று எண்ணினால் 1998 நவம்பர் 14. மீதி 24576, அதுதான் கோப்பின் உண்மையான அளவு. வட்டு எண்ணாக வந்த 24948ஐப் பதினாறடிமானத்தில் எழுதினால் 6174. கோப்பில் சிறிய பைட் முதலில் வருவதால் பைட் வரிசையில் 74, 61. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் அவை சின்ன 'டி' (t), சின்ன 'ஏ' (a). உங்கள் இரண்டாவது கோப்பின் பெயரில் 5ஆவது, 6ஆவது எழுத்துகள் அவையாக இருக்க வேண்டும்.

திருத்தம் சின்னது. இரண்டு லாங்கையும் எப்போதும் 4 பைட்டாகவே இருக்கும் 'இன்ட்32_டி' ஆக்குங்கள், ஷார்ட்டை எப்போதும் 2 பைட்டாகவே இருக்கும் 'இன்ட்16_டி' ஆக்குங்கள். பதிவின் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் 52 தான் வருகிறதா என்று ஒரு சரிபார்ப்பு போடுங்கள். அதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

பழையவட்டு:
5, 6 எழுத்துகள் அவையேதான்! ஆனால் நகல் எடுக்கச் சொன்னது தாமதமாகிவிட்டது. நேற்றே நிரலை விட்டு வெளியே வந்தேன், அது பாட்டுக்குக் கோப்பை எழுதிவிட்டது. 95,784 பைட் இருந்தது இப்போது 95,744. வயிற்றைக் கலக்குகிறது.

எட்டாம்பிட்:
வரிசைப்படுத்தவோ அழிக்கவோ செய்தீர்களா? இல்லை என்றால் பிழைத்தீர்கள். 64 பைட் கட்டிகளாக எடுத்த நிரல், அதே கட்டிகளை அதே வரிசையில் திருப்பி வைத்திருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கும் தெரியாது. 1496 கட்டி போக வாலில் 40 பைட் மிஞ்சியது, அதை மட்டும் விட்டுவிட்டது. 52ஆல் கணக்குப் போட்டால் 1841 பதிவு முழுசாக இருக்கிறது. கடைசிப் பதிவில் பெயரின் முதல் 12 எழுத்து மட்டும் இருக்கும்.

நகல்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். திருத்தும் முன் '-எம்32' (32 பிட் நிரலாக ஆக்கச் சொல்லும் குறிப்பு) கொடுத்துக் கம்பைல் செய்து பார்த்தால் லாங் பழையபடி 4 பைட் ஆகிவிடும், நோய் இதுதான் என்று உறுதியாகும். இதே சோர்ஸை 64 பிட் விண்டோஸில் கம்பைல் செய்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அங்கே லாங் இன்னும் 4 பைட்தான். அதனால்தான் இது பலர் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்று. குறியுள்ள 32 பிட்டில் வைத்த தேதி 2038 ஜனவரி 19 வரைதான் தாங்கும். எப்படியும் கை வைத்தாயிற்று. பழைய கோப்பை ஒரு முறை 52 பைட் கணக்கில் படித்து, புதிய கோப்பை உரையாக, வரிக்கு ஒரு பதிவாக எழுதிவிடுங்கள். அப்புறம் எந்தக் கம்பைலர் வந்தாலும் கவலையில்லை.

பழையவட்டு:
இப்போதுதான் முடித்தேன். மாற்றியது மூன்று வரி, கூடச் சேர்த்தது ஒரு சரிபார்ப்பு வரி. 1841 பதிவும் தேதியோடு, வட்டு எண்ணோடு வந்துவிட்டன. உரைக் கோப்பாகவும் எழுதிவிட்டேன். கடைசிப் பதிவு 12 எழுத்தோடு நிற்கிறது. நான் கடைசியாகச் சேர்த்தது 212ஆம் வட்டு, ஆக எண்ணைக் கையால் போட்டுவிட்டேன். அளவும் தேதியும் வேண்டுமென்றால் அந்த சிடியைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். புதுக் கணினியில் சிடி டிரைவ் கிடையாது.