கிரேக்கக் காட்டு ஆரிகானோ: எப்போது சேர்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். செய்வது கிரேக்க எலுமிச்சை உருளைக்கிழங்கு. நீளவாக்கில் வெட்டிய கிழங்கு 1 கிலோ, ஆலிவ் எண்ணெய் 100 மி.லி., எலுமிச்சைச் சாறு 60 மி.லி., தண்ணீர் 200 மி.லி., பூண்டு 4 பல், உப்பு. ஓவனில் 200 டிகிரி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இதில் சேர்ப்பது தண்டோடு கொத்தாகக் காய்ந்து வரும் ரிகானி, அதாவது தலைப்பில் சொன்ன கிரேக்கக் காட்டு ஆரிகானோ. இலையும் பூமொட்டுமாக உதிர்த்து 2 டீஸ்பூன். (பீட்சாவோடு வரும் பாக்கெட் ஆரிகானோவை வைத்து அளவு சொல்லாதீர்கள். இது நாக்கில் சுள்ளென்று ஏறும்.)

முதலிலேயே மேலே தூவினால், எண்ணெய்க்கு வெளியே நிற்கும் இலை கருகிக் கசக்கிறது. சாற்றில் கலந்துவிட்டால் கசப்பில்லை, ஆனால் தண்ணீர் வற்றுவதற்குள் மணமும் ஆவியோடு போய்விடுகிறது. பாதியைச் சாற்றிலும் மீதியை உள்ளங்கையில் கசக்கிக் கடைசி 10 நிமிடத்திலும் போட்டால் மணம் நிற்கிறது. இலைதான் சருகாகப் பல்லில் படுகிறது.

அந்த மீதியை வெதுவெதுப்பான எண்ணெயில் ஊறவைத்து, இறக்கியதும் ஊற்றலாமா? எவ்வளவு நேரம் ஊற வேண்டும்? உதிர்த்த பிறகு மிஞ்சும் தண்டைச் சாற்றில் போட்டுப் பிறகு எடுத்துவிட்டால் மணம் இறங்குமா, கசப்பு இறங்குமா? செய்து பார்த்தவர்கள் அளவோடு எழுதுங்கள்.