1966 எம்.ஜி.பி: எது ஒரிஜினல், எது பிற்பாடு மாட்டியது?

வணக்கம் நண்பர்களே. இங்கே இங்கிலாந்தில் ஒரு 1966 எம்.ஜி.பி ரோட்ஸ்டரை (கூரை திறக்கும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கப் பேசி வைத்திருக்கிறேன். எல்லாமே எம்.ஜி கம்பெனியின் அபிங்டன் ஆலையில் போட்டபடியே இருக்கிறது என்று விற்பவர் சாதிக்கிறார். நம்ப முடியவில்லை. அந்த வருட வண்டிக்கு டைனமோவும் (பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய வகை ஜெனரேட்டர்), பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த்தும்தானே? இதில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. அது 1967 கடைசியில் இதே காரின் அடுத்த வடிவமான மார்க் 2 வந்தபோதுதான் வந்தது. இரட்டை எஸ்.யூ கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு கம்பெனியின் ஒற்றை வெபர் கார்புரேட்டர். அது போகட்டும், திரும்ப மாற்றிக்கொள்ளலாம் (ஓடுவதும் நன்றாகத்தான் ஓடுகிறது!).

என் தலைவலியெல்லாம் பாடிதான். ஆலையில் அடித்த பழைய ஷெல்லா (பாடிக்கூடு), 1988 முதல் மாற்று பாடியாக விற்பனைக்கு வந்த, புதிதாகச் செய்த ஹெரிடேஜ் ஷெல்லா? பெயின்ட் புதிது, அதனால் மேலே பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்பாட் வெல்டு, தகட்டு இணைப்பு, பாடியில் உள்ள எண் தகடு, எதை எங்கே பார்த்தால் தெரியும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை.