நேர்ஸிங் படிப்பில் பூர்வகுடி சுகாதாரப் பாடம்: இது வாட்டில் எதை மாற்ற வேண்டும்?

ஸ்காபரோ மாணவி:
வணக்கம். ரொறன்ரோவில் நேர்ஸிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். பூர்வகுடி மக்களின் சுகாதாரம் பற்றிய பாடம் எங்களுக்குக் கட்டாயம். இதுவரை நடந்ததெல்லாம் வதிவிடப் பாடசாலைகள் (பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்தவை), உடன்படிக்கைகள், சடங்குகள் என்று ஸ்லைடில் வருவதைப் பாடமாக்கிச் சோதனை எழுதுவதுதான். வகுப்பில் எங்கள் ஆட்களே சிலர், "நாங்களே போருக்குத் தப்பி வந்த சனம், இவர்களுக்கு நடந்ததற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்" என்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சரியான பதிலும் வாயில் வரவில்லை. வேலையில் இருக்கிற அக்காமார், அண்ணாமார் சொல்லுங்கள்.

இரவு டியூட்டி:
தங்கச்சி, பிரையன் சின்கிளேர் பற்றி வகுப்பில் சொன்னார்களா? 2008 செப்டெம்பர், வின்னிபெக். சிறுநீர் வெளியேறப் போட்டிருந்த குழாய் (கதீட்டர்) அடைத்துவிட்டதென்று கிளினிக் டாக்டர் கடிதம் கொடுத்து அனுப்பிய 45 வயது பூர்வகுடி மனிதர், இரண்டு கால்களும் இல்லாமல் சக்கர நாற்காலியில் வந்தவர், அவசரப் பிரிவில் 34 மணி நேரம் இருந்து அந்த நாற்காலியிலேயே இறந்துபோனார். மருந்து கொடுத்தால் மாறக்கூடிய சிறுநீர்ப்பைத் தொற்று. அவர் வாந்தி எடுத்தார், பக்கத்தில் காத்திருந்தவர்கள் போய்ச் சொன்னார்கள், அப்போதும் ஒருவரும் பரிசோதிக்கவில்லை. வெறியில் தூங்குகிறார், இல்லாவிட்டால் ஒதுங்க இடமில்லாமல் வந்து இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். நாடி பிடிக்கத் தெரியாதவர்களா அங்கே இருந்தார்கள்?

2020 செப்டெம்பர் 28 அன்று கியூபெக்கின் ஜோலியெட்டில் ஜாய்ஸ் எச்சாக்வான் இறந்தார். அத்திகமெக் என்ற பூர்வகுடி இனத்தவர், 37 வயது, ஏழு பிள்ளைகளின் தாய். ஊழியர்கள் தன்னை ஏசுவதைப் படுக்கையில் இருந்தபடியே பேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினார். போதைமருந்துப் பழக்கம் என்று ஆதாரமில்லாமல் முடிவுகட்டியிருந்தார்கள். இனவாதமும் அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி ஜெஹான் காமெல் எழுதினார்.

வாட்டில் மாற வேண்டியது இதுதான்: ஆளைத் தொட்டுப் பார்க்க முன்னமே மனதுக்குள் ஒரு முடிவு எழுதிவிடுகிறோமே, அது. சின்கிளேரை யாரும் தொடாததற்கும், எச்சாக்வானின் வலியை யாரும் நம்பாததற்கும் அதுதான் தொடக்கம். சம்பந்தம் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்லுங்கள். நோயாளி எங்கள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத்தான் பார்க்கிறார், நாங்கள் எந்தப் போருக்குத் தப்பி வந்தோம் என்பதை அல்ல.

பிரசவ அறை:
மேலே சொன்னது சரி, ஆனால் மகப்பேற்றுப் பக்கம் இது இன்னும் ஆழமாகப் போகிறது. தொலைவான ஊர்களில் இருக்கும் பூர்வகுடிப் பெண்களை, பிரசவத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே விமானத்தில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புவது இன்றும் நடக்கிறது. கூடப் போகிற ஒருவருக்கும் மத்திய அரசு செலவைக் கொடுக்கத் தொடங்கியதே 2017 இல்தான். அதுவரை எத்தனை பேர் தனியே போய்ப் பெற்றிருப்பார்கள்! இதற்கு மாற்று உண்டு என்று வட கியூபெக்கில் இனுவிட் பூர்வகுடிகள் வாழும் நூனாவிக் பகுதியின் பூவிர்னிட்டுக் ஊரில் 1986 இலேயே காட்டிவிட்டார்கள். அங்கே மகப்பேற்று நிலையம் திறந்து, இனுவிட் பெண்களையே ஊரில் வைத்து மருத்துவிச்சிகளாகப் பயிற்றினார்கள். பாடத்தில் இது வராவிட்டால் பூர்வகுடிப் பெண்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டுமே பார்க்கப் பழகிவிடுவீர்கள்.

'பிறப்பு எச்சரிக்கை' பற்றியும் கேளுங்கள். தாய்க்கே சொல்லாமல், சிறுவர் நல அமைப்பு ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பிவைக்கும், குழந்தை பிறந்த கையோடு பறிபோகலாம். ஒன்ராறியோ இதை 2020 இல்தான் நிறுத்தியது. ஒரு பூர்வகுடித் தாய் நீங்கள் கேட்கிற சாதாரணக் கேள்விக்குக்கூட வாய் திறக்கத் தயங்கினால் அதற்குக் காரணம் இருக்கிறது.

படிப்பிக்கிறவன்:
கல்லூரியில் படிப்பிக்கிறேன். இந்தப் பாடத்துக்குப் பின்னால் 2015 இல் வதிவிடப் பாடசாலைகள் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு விடுத்த, நடவடிக்கை கோரும் 94 அழைப்புகளில் 24 ஆவது இருக்கிறது. மருத்துவ, தாதியப் பள்ளிகள் எல்லாவற்றையும் நோக்கி எழுதப்பட்டது. வரலாறு மட்டும் போதாது, இனவாத எதிர்ப்புக்கான திறன் பயிற்சியும் வேண்டும் என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. பல இடங்களில் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் வருடங்களைக் கேட்டுச் சோதனை வைப்பது சுலபம்.

அதற்காக வரலாற்றைத் தள்ளிவிடாதீர்கள். காசநோய் என்று பூர்வகுடிகளைத் தனியான 'இந்தியன் ஆஸ்பத்திரி'களில் வருடக்கணக்கில் வைத்திருந்த நாடு இது. அட்மிட் ஆக மறுக்கிற ஒரு முதியவரை அது தெரியாமல் எப்படி விளங்கிக்கொள்வீர்கள்?

நியூசிலாந்தின் மாவோரித் தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டன் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கொடுத்த பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்மானிப்பது அதைப் பெற்றவர். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே அங்கே இது தாதியர் கல்வியின் பகுதியாகிவிட்டது. இங்கே ஒரு செமஸ்டரோடு முடித்துவிட்டு, வலி மதிப்பீடு படிப்பிக்கும்போது எச்சாக்வானின் பெயரே வராவிட்டால் என்ன பயன்?

ஸ்காபரோ மாணவி:
எல்லோருக்கும் நன்றி. அடுத்த மாதக் குழு விளக்கவுரையில் சின்கிளேரின் வழக்கை எடுக்கிறேன். சடங்குகள் பற்றிய ஸ்லைடுகளைக் குறைத்துவிட்டு, அந்த 34 மணி நேரத்தில் எங்கெங்கே ஒரு தாதி எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம் என்று வகுப்பையே கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

இரவு டியூட்டி:
செய்யுங்கள். மரண விசாரணை அறிக்கை 2014 இல் வெளிவந்தது, பொதுவில் இருக்கிறது. செய்திகளை நம்பாமல் அதையே வாசியுங்கள்.